சக்கரம், முக்கோணம், துணைக்கோள்

ஓசூரிலிருந்து தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகச் செல்லும் சாலை, நாட்றாம்பாளையத்தைக் கடந்து ஒகேனக்கல்லை நோக்கி இறங்குகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பீடபூமி. காவிரி ஓடும் பள்ளத்தாக்கோ 300 மீட்டருக்கும் தாழ்ந்தது. இடையில் உள்ளவை காடும் மலையும் வளைவுகளும். அவ்வளைவுகளில் செல்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத இடங்கள் உண்டு. அங்கே மிதிவண்டியில் செல்லும் ஒருவர், கைப்பிடியில் பொருத்திய சிறு கருவியைப் பார்த்து, தாம் எந்த வளைவில் நிற்கிறோம் என்று சில மீட்டர் பிழைக்குள் சொல்லிவிட முடியும். இந்தக் கருவிக்கு 'ஜி.பி.எஸ்.' எனப்படும் உலக இடங்காட்டும் அமைப்பின் ஏற்பி என்று பெயர்.

கோபுரம் இல்லாத இடத்தில் இக்கருவி எப்படி இயங்கும் என்று பலர் வியப்பதுண்டு. வானொலிப் பெட்டி நிலையத்துடன் பேசுவதில்லை; நிலையம் பேசுவதைக் கேட்க மட்டுமே செய்கிறது. அதுபோலவே இக்கருவியும் துணைக்கோள்களைக் கேட்கிறதே அன்றி, அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. கோபுரம் தேவைப்படுவது நிலப்படத்தை இறக்கிக்கொள்வதற்கே. இடத்தைக் கணக்கிடுவதற்கு அன்று.

'நான் எங்கே இருக்கிறேன்?' என்ற கேள்விக்கு விடை காண மனிதன் எடுத்துக்கொண்ட முயற்சிகள் பல. அவற்றுள் மூன்று பெரும் படிகள் இந்த எல்லைப் பகுதியைத் தொட்டுச் சென்றிருக்கின்றன. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

விண்மீனைப் பார்த்த வீரர்

1799-ஆம் ஆண்டு மார்ச் மாதம், திப்பு சுல்தானை எதிர்த்து ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ராயக்கோட்டை, கெலமங்கலம், ஆனேக்கல் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்றது. அப்படையில் வில்லியம் லாம்ப்டன் என்னும் அதிகாரி இருந்தார். கணிதத்திலும் வானியலிலும் தேர்ந்தவர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய பின், ஏப்ரல் மாத இரவு ஒன்றில் ஜெனரல் பேர்டின் படைப்பிரிவு பாசறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. விண்மீன்களைக் கவனித்த லாம்ப்டன், படை திசை மாறி எதிரியின் பக்கமே போகிறது என்றார். விண்மீன்களைக் கேட்காமலே தமக்கு வழி தெரியும் என்று ஜெனரல் அதை ஏற்க மறுத்தார். பின்னர் வெளிச்சத்தில் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்ப்டன் கூறியதே சரியாயிற்று. தரையைப் பார்த்து வழி அறிய முடியாதபோது வானைப் பார்த்து அறியலாம் என்பதற்கு இது நல்ல சான்று. இன்றைய துணைக்கோள் முறையின் அடிப்படைக் கருத்தும் இதுவே.

சக்கரத்தால் அளந்த நாடு

அந்நாளில் நிலப்படம் வரைந்தவர்கள் பெரிதும் நம்பியது சக்கரத்தைத்தான். நீண்ட கைப்பிடி பொருத்திய ஒற்றைச் சக்கரத்தைச் சாலை நெடுகத் தள்ளிச் செல்வர். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதை ஒரு முள் காட்டும். சுற்றளவால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். திசைகாட்டி திசையைச் சொல்லும். இவ்விரண்டையும் சேர்த்துப் படம் வரைந்தனர்.

இம்முறையின் குறை யாது? சாலை நேராகச் செல்வதில்லை. மேடு, பள்ளம், வளைவு எல்லாம் தூரத்தில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் ஏற்படும் சிறு பிழை அடுத்த நாளின் பிழையுடன் கூடிக்கொண்டே போகும்.

சிறு நிலங்களை அளப்பதற்குச் சங்கிலி போதும். 1792-இல் பாரமகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தபோது, காப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோவும் வரி விதிப்பதற்காக வயல்களை அளக்கச் செய்தனர். கிருஷ்ணகிரியும் அதைச் சூழ்ந்த தாழ்நிலமும் இவ்வாறு அளக்கப்பட்டவையே. ஆனால் ஒரு வயல் எவ்வளவு பெரியது என்று அறிவது வேறு. அது உலகில் எங்கே இருக்கிறது என்று அறிவது வேறு.

முக்கோணங்களின் வரிசை

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொண்டவர் லாம்ப்டன். போர் முடிந்த பின் அவர் முக்கோண அளவையைத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் என்பது மாணவர்கள் அறிந்ததே. ஒரே ஒரு கோட்டை மட்டும் தரையில் மிகக் கவனமாக அளந்துகொண்டு, மற்றவற்றையெல்லாம் மலையுச்சிகளுக்கு இடையே உள்ள கோணங்களைக் கொண்டே கணக்கிடலாம். காட்டையோ ஆற்றையோ கடந்து சங்கிலி இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

1800-இல் பெங்களூர் அருகே ஓர் அடிக்கோட்டை லாம்ப்டன் அளந்து பார்த்தார். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து பெரும்பணியைத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே வந்து, 1804-இல் பெங்களூர் அருகே மறுபடியும் ஒரு கோட்டைத் தரையில் அளந்தார். கணக்கில் கிடைத்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு சில அங்குலங்களே!

மேற்குக் கரைவரை முக்கோணங்கள் சென்றபோது மற்றொரு உண்மை வெளிப்பட்டது. சென்னையின் நேர்கோட்டில் தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று அதுவரை இருந்த நல்ல படங்கள் காட்டின. உண்மையில் அது ஏறத்தாழ 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் வெறும் பிழையாக இருந்தது.

பின்பு லாம்ப்டன் தெற்கு நோக்கித் திரும்பினார். 78-ஆம் பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாகக் குமரிமுனைப் பக்கம்வரை ஒரு முக்கோண வரிசை அமைத்தார். வரலாற்றில் 'பெருவில்' என்று புகழ்பெற்று, பிற்காலத்தில் இமயமலை அடிவாரம்வரை நீண்டது இதுவே. நாட்றாம்பாளையம் ஏறத்தாழ கிழக்குத் தீர்க்கரேகை 77¾ பாகையை ஒட்டி அமைந்தது. ஆகவே, அவ்வரிசை இந்த மலைப்பகுதி வழியாகவே தெற்கே இறங்கியது எனலாம்.

இதற்காக அவர் பயன்படுத்திய கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதிச் சேதமுற்றது. லாம்ப்டன் தாமே முயன்று அதைச் சீர்ப்படுத்தினார். இன்று மிதிவண்டியில் பொருத்தும் கருவியின் எடை நூறு கிராம் அளவே என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மிதிவண்டி ஏறிய சக்கரம்

அளவுச் சக்கரம் மறைந்துவிடவில்லை, மிதிவண்டியில் ஏறிக்கொண்டது. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி இன்றைய வடிவிலான மிதிவண்டியை உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் சக்கரத்தைத் தந்தார். 1895-இல் அமெரிக்காவில் வீடர் என்பவர் மிதிவண்டிச் சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணும் சிறு தூரமானியை விற்கத் தொடங்கினார். அளவையாளர் தள்ளிச் சென்ற சக்கரத்தின் தத்துவமே அதிலும் உள்ளது.

தூரமானி இருந்தால் வழித்தாள் ஒன்றைக் கொண்டே நெடும்பயணம் செல்லலாம். 'நாற்பத்திரண்டாவது கி.மீ.-இல் இடப்புறம் திரும்புக' என்பது போன்ற குறிப்புகள் வழித்தாளில் வரிசையாக இருக்கும். 200 கி.மீ. தொலைவைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்க வேண்டிய 'பிரெவே' எனப்படும் நெடும்பயணங்களில் நெடுங்காலம் இதுவே வழக்கம். ஆனால் தூரமானியில் நூற்றில் ஒரு பங்கு பிழை இருந்தால், 150-ஆவது கி.மீ.-இல் திருப்பம் ஒன்றரை கி.மீ. தள்ளிப்போய்விடும். பழைய சக்கரத்தின் குறை புதிய சக்கரத்துக்கும் உண்டு. எவ்வளவு தூரம் வந்தோம் என்று அது அறியும்; எங்கே வந்தோம் என்று அறியாது.

ஸ்புட்னிக்கின் குரல்

1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் துணைக்கோளை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கையர், வைஃபென்பாக் என்ற இரு அறிஞர்கள் அதன் 'பீப், பீப்' ஒலியைக் கேட்டனர். நெருங்கும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், விலகும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் ஒலிப்பது போல, ஸ்புட்னிக்கின் அலைவரிசையும் மாறியது. அம்மாற்றத்தைக் கொண்டே அதன் பாதையை அவர்கள் கணக்கிட்டனர்.

அவர்களுடைய மேலாளர் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நாம் இருக்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதையை அறியலாம் எனில், கோளின் பாதை தெரிந்தால் நாம் இருக்கும் இடத்தை அறியலாம் அல்லவா? இக்கருத்திலிருந்து பிறந்த 'டிரான்சிட்' அமைப்பு 1964 முதல் அமெரிக்கக் கடற்படைக்குப் பயன்பட்டது. அதன் பின் வந்ததே ஜி.பி.எஸ். அதன் முதல் துணைக்கோள் 1978 பிப்ரவரி 22-ஆம் நாள் ஏவப்பட்டது.

கடிகாரமே அளவுகோல்

ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் பூமியை நாளைக்கு இருமுறை சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன். இப்போது இன்ன நேரம்' என்று இடைவிடாமல் அறிவிக்கிறது. அறிவிப்பு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகமாகிய வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பதால் பெருக்கினால் கோளின் தூரம் தெரியும். லாம்ப்டன் கோணங்களை அளந்தார். இக்கருவி பக்கங்களை அளக்கிறது.

ஓசூர் வாசகர்களுக்கு இதை விளக்க எளிய வழி உண்டு. அங்கே டைட்டன் தொழிற்சாலையில் 1980-களின் இறுதியாண்டுகள் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்கள் உருவாகி வருகின்றன. குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது நாளைக்கு அரை வினாடி பிழைத்தால் நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் அரை வினாடியில் ஒளி 1,50,000 கி.மீ. சென்றுவிடும்! வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால்கூட 300 மீட்டர் தவறிவிடும். ஆகவேதான் துணைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் வைக்கப்பட்டுள்ளன.

நம் கைக்கருவியில் அணுக் கடிகாரம் வைக்க இயலாது; அதிலும் குவார்ட்ஸ் படிகமே உள்ளது. பின் எப்படி? அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றுடன், தன் கடிகாரப் பிழையையும் நான்காவது அறியாத எண்ணாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. நான்கு அறியாத எண்களுக்கு நான்கு சமன்பாடுகள் வேண்டும். ஆகவே குறைந்தது நான்கு துணைக்கோள்களைக் கேட்க வேண்டும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையும் இங்கே புகுகிறது. துணைக்கோளின் கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளைக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு விரைந்து ஓடும். இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. அளவுக்குத் தூரக்கணக்கு பிழைத்துவிடும்.

படைவீரரிடமிருந்து பயணியிடம்

இந்த ஆற்றல் பொதுமக்கள் கைக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள், வழி தவறிச் சோவியத் வான்வெளியில் புகுந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். இடம் அறியாமையின் விலை என்ன என்பதை உலகம் உணர்ந்தது. அதே மாதத்தில், ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் உலக மக்கள் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அதிபர் ரேகனின் அரசு அறிவித்தது.

1989-இல் மெகல்லன் நிறுவனம் கையில் ஏந்தும் முதல் வணிகக் கருவியை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 700 கிராம். விலை ஏறத்தாழ 3,000 டாலர். ஆனால் 1990 முதல் அமெரிக்கப் படைத்துறை, பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தது. இதனால் இடம் 100 மீட்டர்வரை தவறியது. மலைச்சாலையில் ஒரு வளைவுக்கும் அதற்குக் கீழே உள்ள வளைவுக்கும் ஐம்பது மீட்டரே இடைவெளி இருக்கலாம். அங்கே 100 மீட்டர்ப் பிழையுள்ள கருவியால் என்ன பயன்?

2000 மே 2-ஆம் நாள் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. உலகெங்கும் இருந்த கருவிகள், எந்த மாற்றமும் செய்யப்படாமலே, ஒரே இரவில் பல மடங்கு துல்லியம் பெற்றன. மிதிவண்டிக்கு இது பயன்படத் தொடங்கியது அதன் பின்னரே. 2005-இல் கார்மின் நிறுவனம் மிதிவண்டிக்கென்றே 'எட்ஜ்' கருவிகளை வெளியிட்டது. செல்பேசிகளிலும் ஏற்பி இடம்பெற்றது.

எனினும் பிறர் திறந்த கதவைப் பிறரே மூடவும் கூடும். ஆகவே 2006-இல் இந்திய அரசு நமக்கென ஓர் அமைப்பை உருவாக்க ஒப்புதல் அளித்தது. அதன் முதல் துணைக்கோள் 2013 ஜூலை 1-இலும், ஏழாவது 2016 ஏப்ரல் 28-இலும் ஏவப்பட்டன. அமைப்புக்கு 'நாவிக்' என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் மையம் பெங்களூரு அருகே பைலாலுவில் உள்ளது. லாம்ப்டன் தம் அடிக்கோட்டை அளந்த அதே பீடபூமியில்! பாதை எளிதாக இல்லை. முதல் துணைக்கோளில் இருந்த, வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதுற்றன. 2023 மே 29-இல் ஏவப்பட்ட கோள், இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்தைத் தாங்கிச் சென்றது. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட அடுத்த கோள் உரிய பாதையை அடைய இயலவில்லை. முயற்சி தொடர்கிறது.

சக்கரமும் கோளும் மாறுபட்டால்

மிதிவண்டியின் தூரமானியும் துணைக்கோள் கருவியும் ஒரே பயணத்துக்கு இரு வேறு தூரங்களைக் காட்டுவதுண்டு. எது சரி? இரண்டிலும் பிழை உண்டு. ஆனால் பிழையின் இயல்பு வேறு. சக்கரத்தின் சுற்றளவு 2.20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று குறைந்தோ ரப்பர் தேய்ந்தோ அது இரண்டு செ.மீ. குறைந்தால், 100 கி.மீ.-க்கு ஏறத்தாழ ஒரு கி.மீ. மிகையாகக் காட்டும். துணைக்கோள் கருவியோ சில வினாடிகளுக்கு ஒருமுறை புள்ளி வைத்து அவற்றை நேர்கோட்டால் இணைக்கிறது. ஆகவே கொண்டை ஊசி வளைவுகளின் நுனிகளை வெட்டித் தூரத்தைக் குறைக்கும். வண்டி நின்றிருந்தாலும் புள்ளி சற்று அலைவதால் சில சமயம் கூட்டியும் காட்டும். ஆனால் அதன் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. இதுவே அதன் பெருஞ்சிறப்பு.

உயரத்தைக் காட்டுவதில் அது சற்று வலுவற்றது. காரணம், துணைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேயே உள்ளன. காலடியில் ஒன்றும் இல்லை. இதனால் பல மிதிவண்டிக் கருவிகள் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அறிகின்றன. குறுகிய பள்ளத்தாக்கில் பாறையில் பட்டுத் திரும்பும் அலைகளும் கருவியை ஏமாற்றும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள், லாம்ப்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் 1830-இல் கணித்த பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. துணைக்கோள் அமைப்பு வேறொரு வடிவத்தைக் கொள்கிறது. எனவே கருவி காட்டும் எண்களை அப்படியே பழைய படத்தில் குறித்தால், இப்பகுதியில் புள்ளி 100 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். இரு கணக்கும் தம்மளவில் சரியே. பூமிக்கு அவை எடுத்துக்கொண்ட வடிவந்தான் வேறு.

கருவி அறியாதவை

ஆனால் கருவியின் திரையில் ஒரு கோடு தெரிவதனால் அங்கே போகலாம் என்று பொருளாகாது. நாட்றாம்பாளையத்தைச் சூழ்ந்த காடுகள் யானைகள் நடமாடும் காடுகள். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் இப்பகுதியில் அறிவிக்கப்பட்டன. காட்டுத் தடங்களில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். அந்தி நேரத்தில் எந்தச் சாலையைத் தவிர்க்க வேண்டும், எந்த ஓடையில் மழைக்குப் பின் நீர் பெருகும் என்பதைத் துணைக்கோள் சொல்லாது. அவ்வூரார் சொல்வர். இடம் அறிவது ஒன்று. வழி அறிவது மற்றொன்று.

அந்த இரண்டாவது அறிவை நிலப்படத்தில் ஏற்றுவது இன்று நம் கையில் உள்ளது. முன்பு படம் வரையும் உரிமையும் கருவியும் அரசர்க்கும் படைக்குமே இருந்தன. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட புதிய நெறிமுறைகள், இந்தியர்கள் முன் அனுமதியின்றி நிலப்பட விவரங்களைத் திரட்ட வழி செய்தன. 2004-இல் தொடங்கிய 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' போன்ற பொதுப் படங்களில் எவரும் தம் ஊரைச் சேர்க்கலாம். தம் ஊரின் தெரு, கிணறு, பள்ளி, துணைச் சுகாதார நிலையம் ஆகியவை படத்தில் இல்லை என்றால், அவசர காலத்தில் வரும் வாகனம் தடுமாறும். அக்குறையைத் தீர்க்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டியும் வீட்டில் உள்ள செல்பேசியும் போதும்.

மாணவர்கள் முதலில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மிதிவண்டியின் முன்சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறியிட்டு, பத்துச் சுற்று உருட்டித் தூரத்தை நாடாவால் அளந்து, பத்தால் வகுத்துச் சுற்றளவைக் காணுங்கள். பிறகு வீட்டிலிருந்து பள்ளிவரை சக்கரம் எத்தனை சுற்று சுழல்கிறது என எண்ணித் தூரத்தைக் கணக்கிடுங்கள். அதே பாதையைச் செல்பேசியிலும் பதிவு செய்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் கவலை வேண்டாம். ஏன் ஒத்து வரவில்லை என்று ஆராயத் தொடங்குங்கள். நாற்பது மைல் பிழை கண்டுபிடிக்கப்பட்டதும் அத்தகைய ஓர் ஆராய்ச்சியால்தான்.